பார்மட் போடுமுன் டிஸ்க்கைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று சொன்னால் போதும், ‘பார்மட் போட்டுடலாம்’ என்ற பதில் உடனே வரும். விண்டோஸைத் துடைத்துப் புதிதாக ஏற்றினால் நாலு நாள் நன்றாகத்தான் ஓடும். பழுது ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் ஐந்தாம் நாள் பழைய கதை தொடங்கிவிடும். அதற்குள் குழந்தையின் படங்களும் பத்திர ஸ்கேன்களும் போயிருக்கும். முதலில் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும், அடுத்து தரவை எடுக்க வேண்டும், அதன் பிறகுதான் பார்மட். இந்த வரிசையில் வேலை செய்ய நான் நம்பிப் பயன்படுத்தும் மூன்று மென்பொருள்களும் இலவசம்.

முதலாவது கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. ஜப்பானைச் சேர்ந்த நொரியுகி மியாசாகி எழுதியது. விண்டோஸில் மட்டும் ஓடும். ஜிப் வடிவில் இறக்கினால் நிறுவவே வேண்டாம். திறந்ததும் இடப்பக்கம் ஒரு கட்டம் தெரியும்: நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் ஆபத்து. பலரும் நிறத்தோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையான விஷயம் கீழே உள்ள பட்டியலில் இருக்கிறது. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ‘ஸ்மார்ட்’ குறிப்புகள் அவை.

சுழலும் ஹார்டு டிஸ்க்கில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளைத் தேடுங்கள். கெட்டுப்போன செக்டருக்குப் பதிலாக மாற்று இடம் ஒதுக்கியதைச் சொல்வது 05. படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை சி5. திருத்தவே முடியாதவை சி6. ஒரு சிக்கல்: ‘ரா வேல்யூஸ்’ பத்தியில் எண்கள் பதினாறடிமானத்தில் வரும். சி5 வரியில் 18 என்று கண்டால் அது 24 செக்டர். ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சருக்குள் போய் இதைத் தசமத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள். சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைக் குறை சொல்லாமல் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பார்மட்டில் இருக்கும் ஏமாற்று வேலையும் இங்கேதான் பிடிபடும். முழு பார்மட்டின்போது காத்திருந்த செக்டர்கள்மேல் புதிதாக எழுதப்படும். அதனால் சி5 பூஜ்யமாகிவிடும், மஞ்சள்கூட மறைந்துபோகலாம். ஆனால் டிஸ்க்கின் வயது குறையவில்லை. பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ எண்ணையும் பாருங்கள். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். கணக்கு உங்கள் கையில்.

நீலத்தையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரைப்படி, செத்துப்போனவற்றில் 56 சதவீதத்துக்கும் மேலானவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. அதே கட்டுரையில், முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. ஆகவே மஞ்சள் வந்தால் தயங்காதீர்கள். நீலம் இருந்தாலும் பேக்கப்பை விடாதீர்கள்.

அடுத்தது, பூட் பென் டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ். பீட் பட்டார்டு 2011 முதல் பராமரித்து வரும் சிறிய ஒற்றைக் கோப்பு, நிறுவல் கிடையாது. பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து, நிறுவ வேண்டிய விண்டோஸ் அல்லது லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பைக் காட்டி, ஸ்டார்ட் அழுத்தினால் முடிந்தது. விண்டோஸ் நிறுவல் கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 ஏற்காது. ரூஃபஸ் அதை என்டிஎஃப்எஸ்ஸில் எழுதி, யுஇஎஃப்ஐயில் பூட் ஆக ஒரு குட்டிப் பகுதியையும் சேர்த்துவிடுகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் நின்றபின், டிபிஎம் 2.0 இல்லாத கணினியில் விண்டோஸ் 11 ஏற்றப் பலர் தேடி வருவது இதைத்தான். டிபிஎம் வேண்டும் என்ற விண்டோஸ் 11இன் நிபந்தனையை நீக்கும் டிக் பெட்டி ஸ்டார்ட் அழுத்தியதும் வரும். வேலை செய்கிறது. ஆனால் அத்தகைய கணினிக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை, தெரிந்தே இறங்குங்கள். பென் டிரைவ் போலியா என்ற சந்தேகம் இருந்தால் ‘பேட் பிளாக்’ சோதனையை ஓட்டுங்கள். நேரம் எடுக்கும், ஆனாலும் செய்யத் தகுந்தது.

என் கை அடிக்கடி போவது மூன்றாவதான வென்டாயிடம். முதல்முறை நிறுவும்போது மட்டும் பென் டிரைவ் அழியும். அதன்பின் ஐஎஸ்ஓக்களைச் சாதாரணக் கோப்புபோல நகலெடுத்துப் போட்டால் போதும். பூட் செய்யும்போது பட்டியலாக வரும். டெபியன், லினக்ஸ் மின்ட், விண்டோஸ் எல்லாம் ஒரே பென் டிரைவில். செக்யூர் பூட் உள்ள கணினியில் முதல்முறை சரிபார்ப்புத் தோல்வி என்ற திரை வரும். பயப்படாமல் ‘என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்’ வழியாகச் சாவியைப் பதியுங்கள். முன்பே கம்பைல் செய்த கோப்புகள் இதன் மூலநிரல் களஞ்சியத்தில் இருப்பது குறித்துத் திறமூல வட்டாரத்தில் கேள்வி எழுந்தது, நியாயமான கேள்வி. அது உறுத்துகிறவர்களுக்கு ரூஃபஸ் போதும்.

டிஸ்க்கில் மஞ்சள் கண்டால் விண்டோஸை மறுபடி மறுபடி ஓட்டாதீர்கள், செக்டிஸ்க்கும் வேண்டாம். பென் டிரைவிலிருந்து லைவ் லினக்ஸைக் கிளப்பி, முக்கியமான ஃபோல்டர்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். நகல் திணறினால் டிடிரெஸ்க்யூ உண்டு: எளிதாகப் படிக்க முடிவதை முதலில் அள்ளி, கடினமானதற்குப் பிறகு திரும்பும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் மீட்புச் சாவி இல்லாமல் எதுவும் நடக்காது. அதை இப்போதே எழுதி வையுங்கள்.

பூட் பென் டிரைவ் செய்ய ஓடுகிற கணினி ஒன்று தேவை. ஆகவே உங்களுடையது நன்றாக இருக்கும்போதே, 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் வென்டாயையும் ஒரு லினக்ஸ் ஐஎஸ்ஓவையும் ஏற்றி, ஒருமுறை பூட் செய்து பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள்.