பாவனை எடையின்மையும் மெய்யான இதயமும்

விண்வெளி வீரரின் உடலைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் இரண்டு கருத்துகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. 'விண்வெளியில் புவியீர்ப்பு இல்லை' என்பது ஒன்று. 'தலை தாழப் படுத்திருப்பவரின் இதயமும் விண்வெளி வீரரின் இதயமும் ஒரே நிலையில் உள்ளன' என்பது மற்றொன்று. முன்னது பிழை, பின்னது பாதி உண்மை. முழுப் பிழையைத் திருத்துவது எளிது. பாதி உண்மையைப் பிரித்தறிவதுதான் கடினம். ஆகவே அதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் பிழையைத் தீர்த்துவிடுவோம். பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்றுகிறது. அங்கும் புவியீர்ப்பு, தரையில் உள்ளதில் சுமார் 90 சதவீதம் இருக்கத்தான் செய்கிறது. நிலையமும் அதனுள் இருக்கும் மனிதரும் ஒருசேர விழுந்துகொண்டே சுற்றுவதால் எடை உணரப்படுவதில்லை, அவ்வளவுதான். விமானத்தை வளைவாகப் பறக்கச் செய்தால் இந்நிலை சுமார் 20 விநாடிகள் கிடைக்கும். நாள்கணக்கில் ஆராய வேண்டுமானால் என்ன செய்வது? எடையின்மையைப் போன்றதொரு நிலையைத் தரையிலேயே பாவனை செய்ய வேண்டியதுதான். அதற்கு அறிவியலார் கைக்கொண்டவை இரண்டு: தண்ணீர், கட்டில்.

தண்ணீரில் நிற்கும் இதயம்

தண்ணீர்ச் சோதனையை விளங்கிக்கொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பக்கம் தாமிரபரணியில் கழுத்தளவு நீரில் நின்று குளித்தவர்களுக்கு, சிறிது நேரத்தில் சிறுநீர் முட்டுவது தெரிந்த அனுபவமே. குளிர்ச்சி மட்டும் இதற்குக் காரணம் அன்று. வெதுவெதுப்பான நீரிலும் இவ்வாறே நிகழும்.

தரையில் நிற்கும்போது இரத்தத்தில் ஒரு பகுதி கால்களின் சிரைகளில் தங்கி நிற்கிறது. கழுத்தளவு நீரில் நின்றாலோ நீரின் அழுத்தம் கால்களையும் வயிற்றையும் பிழிந்து, சுமார் 700 மி.லி. இரத்தத்தை மார்புக்குள் ஏற்றிவிடுகிறது. இதயம் நிமிடந்தோறும் இறைக்கும் இரத்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 'உடலில் நீர் மிகுந்துவிட்டது' என்று உடல் தவறாகக் கணக்கிட, சிறுநீரகங்கள் அந்த 'மிகை'யை வெளியேற்றுகின்றன.

அப்படியானால் மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுக்க மூழ்கிய நம் குளியாளிகளும் எடையின்மையை அனுபவித்தவர்களா? இங்கே எச்சரிக்கை வேண்டும். மூச்சடக்கி மூழ்குபவரின் நாடித்துடிப்பு குறைவது உண்மைதான். ஆனால் அது மூச்சடக்கமும் முகத்தில் படும் குளிர்நீரும் தூண்டும் அனிச்சைச் செயல். எடைக்கும் அதற்கும் தொடர்பில்லை. தண்ணீர் எடையை மறைப்பதோடு நில்லாமல், உடலை வெளியிலிருந்து அழுத்தவும் செய்கிறது. விண்வெளியில் அவ்வாறு அழுத்துவது எதுவும் இல்லை. பாவனையின் முதல் குறை இது.

ஆறு பாகைச் சாய்வு

இரண்டாவது முறை கட்டில். 1970களில் சோவியத் ஆய்வாளர் இதனைச் செம்மைப்படுத்தினர். தலைமாடு தாழ, கட்டிலை ஆறு பாகை சாய்த்துவிடுவார்கள். ஆறடிக் கட்டிலின் கால்மாட்டை ஏறத்தாழ ஒரு சாண் உயர்த்தினால் இச்சாய்வு வரும். உண்பது, குளிப்பது, படிப்பது எல்லாம் படுத்தபடியே. வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில். விண்வெளி வீரரைப் போலவே இவர்களுக்கும் முகம் உப்புகிறது, கால் மெலிகிறது, இரத்தத்தின் பிளாஸ்மா குறைகிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது.

விளைவுகள் ஒன்றாகத் தெரிகின்றன. காரணங்களும் ஒன்றுதானா? பல ஆண்டுகள் 'ஆம்' என்றே எழுதி வந்தார்கள். இரத்தம் மார்புக்கு ஏறுவதால் இதயத்தருகே உள்ள பெருஞ்சிரைகளில் அழுத்தம் உயரும், சிறுநீர் பெருகும், அதனால் பிளாஸ்மா குறையும் என்பது பாவனை தந்த பாடம்.

1991, 1993 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க விண்வெளி ஓடத்தில் சென்ற மூவரின் பெருஞ்சிரையில் மெல்லிய குழாயைச் செருகி அந்த அழுத்தத்தை நேரடியாகவே அளந்தனர். ஏவுமுன், கால்களை உயர்த்திப் படுத்திருந்தபோது சராசரி 15 செ.மீ. நீரழுத்தம். எடையின்மையில் நுழைந்த பத்து நிமிடத்தில் 2.5 செ.மீ.! உயரும் என்றது சரிந்துவிட்டது. ஆனால் இதய அறை சுருங்கவில்லை. முன்னிலும் விரிந்தே இருந்தது. ஆய்வாளர் கூறும் விளக்கம் இது: கட்டிலில் படுத்தாலும் விலா எலும்புகளும் தசைகளும் தம் எடையால் மார்பை அழுத்திக்கொண்டே இருக்கின்றன. விண்வெளியில் அந்தப் பாரம் நீங்கி, மார்புக்கூடு விரிகிறது. இதயத்தைச் சூழ்ந்த அழுத்தம் குறைகிறது. கட்டில் எடையின் திசையை மாற்றுமே அன்றி எடையைப் போக்காது.

சிறுநீர்க் கணக்கும் பொய்த்தது. விண்வெளியில் எதிர்பார்த்த பெருக்கு காணப்படவில்லை. வீரர்கள் நீர் அருந்துவது குறைகிறது. பிளாஸ்மாவின் ஒரு பகுதி குழாய்களைவிட்டுத் திசுக்களுக்குள் கசிகிறது. முடிவு ஒன்று, வழி வேறு.

இவை ஏட்டு விவகாரம் என்று எண்ணிவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், விண்வெளி நிலையத்தில் இருந்த 11 பேரில் 6 பேருக்குக் கழுத்துச் சிரையில் இரத்தம் தேங்கியோ பின்னோக்கி ஓடியோ இருந்தது தெரிந்தது. ஒருவருக்கு இரத்தக்கட்டியே உண்டாகியிருந்தது. கட்டிலை மட்டும் நம்பி, மேலே சென்று பார்க்காது இருந்திருந்தால் இந்த அபாயம் மறைந்தே இருந்திருக்கும்.

பாவனை வென்ற இடம்

குறை கூறுவதோடு நிற்பது நேர்மையான திறனாய்வு ஆகாது. இதயத்தின் தசை விஷயத்தில் பாவனை பெரிதும் சரியாகவே வழிகாட்டியுள்ளது. ஸ்காட் கெல்லி 2015-16இல் 340 நாள் விண்வெளியில் இருந்தார். பெனுவா லெகோம்த் 2018இல் பசிபிக் கடலில் 159 நாள், தினமும் மணிக்கணக்கில் நீந்தினார். இருவரின் இதய இடது கீழறையும் வாரத்துக்குச் சுமார் முக்கால் கிராம் வீதம் இலேசாயிற்று. ஓயாது நீந்தியவரின் இதயமும் மெலிந்ததே, ஏன்? நீரில் கிடையாக மிதப்பவரின் இதயம், இரத்தத்தை எடைக்கு எதிராக மேலே தூக்க வேண்டியதில்லை. தூக்காத தோள் மெலியும். தூக்காத இதயமும் அப்படியே.

1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையில் வைத்தனர். அவர்களது உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, முதுமை பறித்தது அந்த மூன்று வாரம் பறித்ததைவிடக் குறைவு என்று தெரியவந்தது! ஐந்து பேர் மிகச் சிறு எண்ணிக்கை. இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் நலமுள்ள ஆண்களே இடம்பெற்றனர் என்பதும் ஒரு குறை. எனினும் இந்த முடிவை அலட்சியம் செய்வதற்கில்லை.

இன்று இந்தியா ககன்யான் பயணத்துக்கு வீரர்களைப் பயிற்றுவித்துள்ளது. அவர்களுள் ஒருவரான சுபான்சு சுக்லா 2025இல் பன்னாட்டு நிலையத்துக்குச் சென்று திரும்பினார். ஸ்ரீவைகுண்டம் இருக்கும் அதே தூத்துக்குடி மாவட்டத்தில், குலசேகரப்பட்டினத்தில், சிறு செயற்கைக்கோள்களுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. விண்வெளி நம் மாணவருக்கு இனி அயலூர்ச் செய்தி அன்று. அவர்களுக்கு எழுதுவோர், 'கட்டிலில் கண்டது இது, விண்வெளியில் கண்டது இது' என்று பிரித்தெழுதக் கடமைப்பட்டவர்கள்.

உங்களுக்கும் ஒரு செய்தி உண்டு. காய்ச்சலோ அறுவை மருத்துவமோ முடிந்து வீடு திரும்பிய பெரியவரை, 'அசையாமல் படுத்திருங்கள்' என்று அன்பினால் கட்டிப்போடுகிறோம். படுக்கை விண்வெளி ஆகாது. ஆயினும் இதயத்தை மெலிவிப்பதில் அது விண்வெளிக்கு இளைத்ததன்று. மருத்துவர் இசைவு தந்த அன்றே அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி உட்கார வையுங்கள். நாலடி நடக்க விடுங்கள்.