பூசலைப் பேசாத அவை: சார்க் அமைப்பு குறித்து ஒரு திறனாய்வு

நாடுகள் பல கூடி அமைக்கும் ஒரு பிராந்திய அமைப்பை எதைக் கொண்டு மதிப்பிடுவது? அது கூட்டிய மாநாடுகளின் எண்ணிக்கையைக் கொண்டோ, வெளியிட்ட பிரகடனங்களின் சொல்லழகைக் கொண்டோ அன்று. உறுப்பினர்களிடையே பூசல் மூளும்போது அது என்ன செய்கிறது என்பதே உரைகல். அந்த உரைகல்லில் சார்க் எனப்படும் தெற்காசியக் கூட்டமைப்பை உரசிப் பார்க்க முற்படுகிறோம். பின்னலாடைத் தொழிலை நம்பி வாழும் திருப்பூர் வட்டாரத்தாருக்கு இது தொலைதூர அரசியல் அன்று.

1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் ஏழு நாடுகள் கூடி இவ்வமைப்பைத் தோற்றுவித்தன. 2007இல் ஆப்கானிஸ்தான் எட்டாவதாக இணைந்தது. இதன் சாசனத்தின் 10ஆம் விதி இரண்டு நிபந்தனைகளை விதிக்கிறது. முடிவுகள் ஒருமனதாகவே எடுக்கப்பட வேண்டும். இருதரப்புப் பிரச்சினைகளும் சர்ச்சைக்குரியவையும் விவாதிக்கப்படலாகாது. அண்டை நாடுகள் ஒன்றுதிரண்டு தன்னை நெருக்குமோ என்ற ஐயம் இந்தியாவுக்கு இருந்தது. இந்தியாவின் மேலாதிக்கம் பற்றிய அச்சம் சிறிய நாடுகளுக்கு இருந்தது. இவ்விதி இல்லையெனில் அவை ஒரே மேசையில் அமர்ந்திருக்குமா என்பது ஐயமே. எனினும், பிறப்பதற்குக் கொடுத்த விலையே பின்னர் வளர்ச்சிக்கு விலங்காயிற்று.

இலங்கையை எடுத்துக்கொள்வோம். 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் கொழும்பில் சார்க் உச்சிமாநாடு நடைபெற்றது. 2008 ஆகஸ்டில் மீண்டும் அங்கேயே தலைவர்கள் கூடியபோது வடக்கே வன்னிப் போர் உக்கிரமடைந்திருந்தது. 1983 முதல் 2009 வரை நீடித்த அப்போரில் நடுவராக நின்றது தொலைவிலிருந்த நோர்வே. அண்டை நாடுகளின் பொது அவை அன்று.

நன்மை விளையவே இல்லை என்று கூறுவது நீதியாகாது. 2004 ஜனவரியில் இஸ்லாமாபாத் மாநாட்டுக்குச் சென்ற பிரதமர் வாஜ்பாய், அதனையொட்டி அதிபர் முஷர்ரஃபைச் சந்தித்ததால் இருநாட்டுப் பேச்சுவார்த்தை மீண்டும் துளிர்த்தது. ஆனால் அப்பயன் அவையினுள் விளைந்ததன்று. அதன் தாழ்வாரத்தில் விளைந்தது. உரித் தாக்குதலையடுத்து 2016இல் இஸ்லாமாபாத் மாநாடு கைவிடப்பட்டதும் அத்தாழ்வாரமும் அடைபட்டது. 2014 நவம்பரில் காட்மாண்டுவில் நடந்ததே இதுவரை இறுதி உச்சிமாநாடு. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியபோது சார்க் அமைப்புக்கு அதில் எப்பங்கும் இருக்கவில்லை.

இதன் இழப்பு நம் வட்டாரத்தை எவ்வாறு எட்டுகிறது? தமிழக ஆலைகளின் நூல் வங்கதேசத்துக்குச் செல்கிறது. அங்கு தைக்கப்படும் ஆடை உலகச் சந்தையில் திருப்பூருடன் போட்டியிடுகிறது. வாங்குபவரும் போட்டியாளரும் ஒருவரே. 2025 ஏப்ரலில் வங்கதேசம் தரைவழி நூல் இறக்குமதியை நிறுத்தியது. மே மாதம் இந்தியா அந்நாட்டு ஆயத்த ஆடைகள் தரைவழியே வருவதைத் தடுத்தது. பின்னதைப் போட்டி குறைந்ததெனக் கொண்டு மகிழ்வோர் முன்னதில் நூற்பாலைக்கு நேர்ந்ததையும் எண்ண வேண்டும். 2006இல் நடைமுறைக்கு வந்த தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்தம் ஏட்டில் இருந்தும், இரு அரசுகளையும் அழைத்துக் கேட்கும் வலிமை சார்க் அவைக்கு இல்லாது போயிற்று.

ஆப்பிரிக்கா வேறு வழியைத் தேர்ந்தது. 2002இல் உருவான ஆப்பிரிக்க ஒன்றியம், இனப்படுகொலை போன்ற கொடுமைகளின்போது உறுப்பு நாட்டில் தலையிடும் உரிமையைச் சாசனத்திலேயே எழுதிக்கொண்டது. தேர்தலில் தோற்றும் பதவி விலக மறுத்த காம்பியா அதிபர் ஜாமே, 2017 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டுப்படை நுழைந்ததும் நாட்டைவிட்டு வெளியேறினார். ஆயினும் 2023 ஏப்ரலில் வெடித்த சூடான் போரை அக்கண்டத்தின் அமைப்புகளால் நிறுத்த முடியவில்லை. விதி இருந்தும் உறுதி இல்லையேல் பயனில்லை என்பதற்குச் சூடான் சான்று. விதியே இல்லையேல் உறுதிக்கும் இடமில்லை என்பதற்கு நாம் சான்று.

இவ்விடத்தில் ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கை நம் நினைவுக்கு வருகிறது. யமன் நாட்டு வணிகர் ஒருவரிடம் சரக்கு வாங்கிய மக்கத்துப் பிரமுகர் ஆஸ் இப்னு வாயில் பணம் தர மறுத்தார். அவ்வேளை அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் குறைஷிக் கிளையார் சிலர் கூடி, அநீதியிழைக்கப்பட்டவர் அந்நியராயினும் அவர் பக்கமே நிற்பதென உறுதி பூண்டனர். நபித்துவத்துக்கு முன் அதில் பங்கேற்ற நபி (ஸல்) அவர்கள் பிற்காலத்திலும் அதனைப் போற்றினார்கள். அதன் சிறப்பு கூடியதில் இல்லை. தம்மவரின் தவற்றைத் தம் அவையிலேயே பேசத் துணிந்ததில் இருக்கிறது.

சார்க் அமைப்பைக் கலைத்துவிடுவது தீர்வன்று. 10ஆம் விதியைத் திருத்துவதே முதற்பணி. படையனுப்பும் அதிகாரம் இன்று கைகூடாது. ஆனால் வணிகத் தடைகளையும் எல்லைப் பூசல்களையும் முறையாகக் கேட்டு, கருத்துரைக்கும் ஒரு நடுவர் மன்றம் எந்நாட்டின் இறையாண்மையையும் குலைத்துவிடாது. அதனை முதலில் கோர வேண்டியவர்கள், எல்லை மூடப்படும் ஒவ்வொரு முறையும் வேலைநாளை இழக்கும் மக்களே. அவர்கள் திருப்பூரிலும் இருக்கிறார்கள், டாக்காவிலும் இருக்கிறார்கள்.