சாவா மூவாப் பேராடு

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இப்படிக் கொடுக்கப்பட்ட ஆடுகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. கணக்கில் அவை சாவதுமில்லை, மூப்பதுமில்லை. மந்தையிலோ நோய் வரும், கோடையில் மேய்ச்சல் காயும், ஆடு சாகும். ஈன்ற குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொள்வது இடையரின் பாடு. மிஞ்சிய பாலும் குட்டியும் அவருக்கு வருமானம்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் இழப்பு முழுவதும் அவர் தலையில். கொடுத்தவரின் பெயர் கல்லில் நின்றது. நெய் அளக்கும் கடமை இடையரின் மக்கள், பேரன்மார் என்று இறங்கிக்கொண்டே போனது.

சோழப் பேரரசைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கடலைத்தான் பார்க்கிறோம். 1025இல் ராஜேந்திரனின் கப்பற்படை கடாரம் சென்றதும், ஸ்ரீவிஜய மன்னன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டதும், வித்யாதர தோரணம் கவரப்பட்டதும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். படை வெளியே போன அதே ஆண்டுகளில் ஊருக்குள் யார் உயர்ந்தார்கள், யார் இருந்த இடத்திலேயே நிறுத்தப்பட்டார்கள்? இதைக் கேட்காமல் அந்தப் பேரரசை எடைபோட முடியாது. விடை சொல்ல எதிரிகளின் சாட்சி தேவையில்லை. சோழர்களே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

போர்ப் பொருள் போன வழியிலிருந்து தொடங்கலாம். சேரரையும் பாண்டியரையும் வென்று கைப்பற்றிய பண்டாரத்திலிருந்து செய்த பொன், வெள்ளிக் கலங்களையும், சாளுக்கிய சத்தியாசிரயனை வென்ற பின் சாத்திய பொற்பூக்களையும் ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் கொடுத்தான். ஈழத்து ஊர்கள் சில நெல்லும் காசும் செலுத்தும்படி அந்தக் கோயிலோடு இணைக்கப்பட்டன. கோயிலுக்கு வந்த காசு கருவூலத்தில் தூங்கவில்லை. ஊர்ச் சபைகளுக்கு அது கடனாகப் போயிற்று. காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, நூற்றுக்குப் பன்னிரண்டரை. நெல்லாகவும் கொடுக்கலாம். கடனின் முதல் சபையிடமே தங்கிவிடும். வட்டி மட்டும் சந்திராதித்தவரை, அதாவது சூரிய சந்திரர் உள்ளவரை, கோயிலுக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். படையெடுப்பில் கிடைத்தது ஒரு தடவை வருமானம். அதைத் தலைமுறை தலைமுறையாக நீளும் வருமானமாக மாற்றிய ஏற்பாடு இது. நிர்வாகத் திறமை என்று பார்த்தால் வியக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வட்டி நெல்லை விளைவித்தவர் சபையில் உட்கார்ந்திருந்தவர் அல்லர்.

நல்லதைக் குறைத்துச் சொல்வதும் நேர்மையாகாது. கங்கைவரை படை சென்ற வெற்றிக்கு ராஜேந்திரன் எழுப்பிய நினைவுச்சின்னம் ஓர் ஏரி. கங்கைகொண்ட சோழபுரத்துச் சோழகங்கத்தை நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு பாடுகிறது. வெற்றிக்குத் தூண் நாட்டிய மன்னர்கள் உலகெங்கும் உண்டு. தண்ணீரைத் தேக்கியவர்கள் குறைவு. வீரராஜேந்திரன் காலத்தில் திருமுக்கூடலில் 15 படுக்கைகளோடு ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனை நடந்தது. கடல் வணிகம் தழைத்தது. ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சுமத்திராவின் பாரூஸ் பகுதியில் கிடைத்திருக்கிறது. கடாரத்தை வென்ற சோழர் அங்கே நிலையான ஆட்சி எதையும் அமைக்கவில்லை. பிற்கால ஐரோப்பியக் குடியேற்ற ஆதிக்கத்தோடு இதை ஒன்றாக்கிப் பேசுவது தவறு.

ஆனால் அந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்கள் யாருடையவை? 1001 வாக்கில் ராஜராஜன் நாட்டை அளந்தான். வேலி என்னும் நில அளவின் நுண்ணிய பின்னங்கள்வரை கணக்கெடுத்த அந்த அளவைக்கு அக்கால உலகில் இணை சொல்வது கடினம். படைகள் வெளியே போர் செய்துகொண்டிருந்த காலமும் இதுதான். வாளும் அளவுகோலும் சேர்ந்தே நீண்டன. பெரிய கோயிலுக்கு வரி செலுத்த வேண்டிய ஊர்களின் கணக்கில், வரி விதிக்கப்படாத பகுதிகள் ஒவ்வொன்றாகக் கழிக்கப்படுகின்றன: ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு, பறைச்சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரியும் வருகிறது. இவற்றுக்கு வரியில்லை என்பதைக் கருணையாகப் படிக்கக் கூடாது. விளைநிலம் அல்லாத இடங்களின் வரிசை அது. குளமும் வாய்க்காலும் நிற்கும் அதே வரிசையில் மனிதர்களின் குடியிருப்பும் நிற்கிறது. செத்த பிறகும் எரிய வேறு இடம். அளவுகோல் எதையும் புதிதாகப் பிரிக்கவில்லை என்று வாதிடலாம். ஆனால் ஏற்கெனவே இருந்த பிரிவை அரசு ஆவணமாக்கியது அந்த அளவுகோல்தான்.

குடத்தில் பெயர் ஓலைகளை இட்டு ஊர்ச் சபைக்கு ஆளைத் தேர்ந்த உத்தரமேரூர்க் குடவோலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 919, 921ஆம் ஆண்டுகளின் அந்தக் கல்வெட்டுகள், கணக்குக் காட்டாதவரை விலக்கியதையும் முறை வைத்து ஆளை மாற்றியதையும் சொல்கின்றன. அதற்காக அவற்றைக் கொண்டாடுவது சரியே. தகுதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: கால் வேலிக்குமேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35 முதல் 70, வேதக் கல்வி. அது பிராமணர்களின் சபை. உள்ளே இருந்தவர்களுக்கு நடுவே சமத்துவம் இருந்தது. அவர்கள் நிலத்தில் நாற்று நட்டவர்களின் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை.

எல்லைக்கு வெளியே நடந்ததைச் சொல்லும்போது என் குரல் மாறிவிடுகிறது. அனுராதபுரத்து விகாரைகளைச் சோழர் உடைத்துப் பொருள் கவர்ந்ததை இலங்கையின் மகாவம்ச மரபு கசப்போடு பதிந்திருக்கிறது. ஈழ மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழ நாட்டிலேயே இறந்தான். 1007ஆம் ஆண்டு ஹொட்டூர்க் கல்வெட்டு சோழப் படை பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதாகச் சொல்கிறது. அது சாளுக்கியர் தரப்பு, கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஈழத்து மன்னன் ஒருவனின் தாயை மூக்கறுத்ததை முதலாம் ராஜாதிராஜனின் மெய்க்கீர்த்தியே, அவன் புகழைப் பாடும் கல்வெட்டுப் பகுதியே, வெற்றியாகச் சொல்கிறதே, அதை எந்தத் தரப்பில் சேர்ப்பது? போரில் பிடிபட்ட பெண்கள் வேளம் எனப்பட்ட அரண்மனைப் பணிக் குடியிருப்புகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தையே கொடுத்தவன் ராஜராஜன். இருபது ஆண்டுகள் கழித்து அதே நட்பு நாட்டின்மேல் மகன் ராஜேந்திரனின் கப்பல்கள் போயின.

ஏன் இத்தனை போர்? நாட்டார் எனப்பட்ட உள்ளூர்த் தலைவர்களிடம் ஒழுங்காக வரி திரட்ட முடியாத மன்னர்கள் கொள்ளையை நம்பினார்கள் என்றார் வரலாற்றாசிரியர் ஜார்ஜ் ஸ்பென்சர். ஆனால் வரித் திணைக்களமும் அதிகாரிகளும் வளர்ந்ததை ஆய்வாளர்கள் எ. சுப்பராயலுவும் நொபொரு கராஷிமாவும் கல்வெட்டுகளை எண்ணியே காட்டினார்கள். கராஷிமா இன்னொன்றையும் காட்டினார்: பிற்காலச் சோழர் காலத்தில் தனியார் நிலவுடைமை பெருகியது. எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. போரிலும் ஆட்சியிலும் பணி செய்து மூவேந்தவேளான் போன்ற பட்டம் பெற்றவர்கள் ஊரில் நிலக்கிழார்கள். பேரரசு விரிந்தபோது அவர்கள் கை ஓங்கியது. உழுதவர் மேல் விழுந்த வரியும் கூலியில்லாத வெட்டி வேலையும் நின்றுவிடவில்லை.

வெற்றியும் நிலைக்கவில்லை. 1054இல் கொப்பத்துப் போரில் ராஜாதிராஜன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். 1070 வாக்கில் ஈழம் முதலாம் விஜயபாகுவிடம் போயிற்று. அதே சமயத்தில் சோழ அரியணை கீழைச் சாளுக்கிய வழியில் வந்த முதலாம் குலோத்துங்கனின் கைக்கு மாறியது. சுங்கம் தவிர்த்தவன் என்று அவன் பெயரெடுத்ததற்குக் காரணம், தவிர்க்க வேண்டிய அளவுக்குச் சுங்கம் இருந்ததுதான். ஊருக்குள் உருவான அடுக்கோ அசையவில்லை. 1201இல், காவிரி நாட்டின் நடுவே திருப்பாம்புரத்தில், பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளர் தம்மையும் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். நிலத்தோடு உறவுள்ள வேளாளருக்கே இந்தக் கதி என்றால் சேரியில் இருந்தவர்கள் அந்தப் பஞ்சத்தை எப்படிக் கடந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவே மனம் பதறுகிறது. அவர்களுக்குக் கல்வெட்டு இல்லை.

அடுத்த முறை பெரிய கோயிலுக்குப் போனால் விமானத்தை அண்ணாந்து பாருங்கள், பார்க்கத்தான் வேண்டும். பிறகு சுவர்களில் இருக்கும் ஊர்க் கணக்குகளையும் யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பாடநூல் எழுதுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: கடாரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கும்போது திருப்பாம்புரத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.