என்லைட்: நிறுவல் வட்டைத் திருத்தும் கருவி – ஒரு மதிப்பீடு

ஓர் இயங்குதளம் வெளியான பிறகு வந்த திருத்தங்களையும், வன்பொருள்களுக்கான இயக்கி மென்பொருள்களையும் அதன் நிறுவல் வட்டிலேயே முன்கூட்டிச் சேர்த்து, புதிய வட்டு ஒன்றை உருவாக்கிக்கொள்ளும் முறைக்கு ‘ஸ்லிப்ஸ்ட்ரீமிங்’ என்று பெயர். விண்டோஸ் 2000, எக்ஸ்பி, சர்வர் 2003 ஆகியவற்றில் இந்த வேலையைச் சாதாரணப் பயனரும் செய்யும்படி எளிமையாக்கிய இலவச மென்பொருள் என்லைட். இதை உருவாக்கியவர் டினோ நுஹாகிச்.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்துவிட்டது. ஆயினும் என்லைட்டை இன்று மதிப்பிட்டுப் பார்ப்பதில் பயன் உண்டு. ஓர் இயங்குதளத்தில் எதைச் சேர்க்கலாம், எதை நீக்கலாம், அதை யார் முடிவு செய்வது என்று அக்கருவி எழுப்பிய கேள்வி விண்டோஸ் 11 காலத்திலும் தொடர்கிறது.

தேவை எழுந்த சூழல்

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று விற்பனைக்கு வந்தது. அதன் மூன்று சர்வீஸ் பேக்குகள் முறையே 2002, 2004, 2008 ஆம் ஆண்டுகளில் வந்தன. பயனரின் கையில் இருந்ததோ பல நேரங்களில் 2001இல் அச்சிட்ட வட்டு. அதைக் கொண்டு நிறுவியவர்கள் மூன்று சிக்கல்களைச் சந்தித்தார்கள்.

முதலாவது பாதுகாப்பு. 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் புழு, பயனர் எந்தக் கோப்பையும் திறக்காமலே, இணையத்தில் இணைந்த கணினிக்குள் நுழைந்தது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு ஜூலை 16 அன்றே வந்துவிட்டது. ஆனால் பழைய வட்டில் அது இல்லை. திருத்தத்தைப் பெற இணையத்தில் இணைய வேண்டும். இணைந்தால் திருத்தம் இறங்கி முடிவதற்குள் புழு வந்துவிடும். அறுபது நொடியில் கணினி நின்றுவிடும் என்ற எச்சரிக்கைப் பெட்டியை அக்காலத்தில் பார்த்தவர்கள் பலர். தீச்சுவர் தானாகவே இயங்கும் நிலை இரண்டாம் சர்வீஸ் பேக்கில்தான் வந்தது.

இரண்டாவது வன்தட்டின் அளவு. முதல் எக்ஸ்பி வட்டு 137 ஜிபிக்கு மேற்பட்ட வன்தட்டை முழுமையாக அடையாளம் காணாது. முதல் சர்வீஸ் பேக் அதைச் சரிசெய்தது.

மூன்றாவது சாட்டா வன்தட்டுகள். ஏஎச்சிஐ முறையில் இயங்கும் வன்தட்டுக்கான இயக்கி எக்ஸ்பி வட்டில் கிடையாது. நிறுவலின் தொடக்கத்தில் எஃப்6 விசையை அழுத்தி, பிளாப்பியிலிருந்து இயக்கியைக் கொடுக்க வேண்டும். பிளாப்பி டிரைவ் இல்லாத மடிக்கணினி வைத்திருந்தவர் என்ன செய்வார்? நீலத்திரையைத்தான் பார்ப்பார்.

இம்மூன்றுக்கும் ஒரே தீர்வு, தேவையானவற்றை முன்பே வட்டில் சேர்த்துவிடுவது.

செயல்படும் விதம்

எக்ஸ்பி வட்டில் ‘ஐ386’ என்ற அடைவில் நிறுவலுக்குரிய கோப்புகள் தனித்தனியே, பெரும்பாலும் சுருக்கிய வடிவில் இருக்கும். வட்டை அப்படியே வன்தட்டில் படியெடுத்து, அந்த அடைவில் பழைய கோப்புகள் இருந்த இடத்தில் புதியவற்றை வைப்பதே ஸ்லிப்ஸ்ட்ரீமிங்கின் அடிப்படை. சர்வீஸ் பேக்கை இவ்வாறு சேர்ப்பதற்கான வசதியை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே கட்டளை வடிவில் கொடுத்திருந்தது. ஆனால் கட்டளை எழுத வேண்டும், தனித் திருத்தங்களை வரிசையாகச் சேர்க்க வேண்டும், பதில் கோப்பு தயாரிக்க வேண்டும், கடைசியில் கணினியைத் தொடங்கவல்ல வட்டாகப் பதிய வேண்டும். இதில் ஓரிடத்தில் பிழை நேர்ந்தாலும் மொத்த வேலையும் வீண்.

என்லைட் இவற்றையெல்லாம் அடுத்தடுத்த திரைகளாக ஆக்கியது. சர்வீஸ் பேக், திருத்தங்கள், இயக்கிகள், கூறுகளை நீக்குதல், கேள்வி கேட்காத நிறுவல், வட்டுப் படிமம் உருவாக்குதல் என்று வேண்டியதைத் தேர்ந்தெடுத்துச் சொடுக்கினால் போதும். செய்த தேர்வுகளை ஒரு கோப்பில் சேமித்துவைத்து மறுமுறை பயன்படுத்தவும் முடிந்தது.

சிறப்புகள்

முதற்சிறப்பு, நிபுணரின் கையில் இருந்த வேலையைப் பயனரின் கைக்குக் கொண்டுவந்தது. இருபது கணினிகள் உள்ள ஓர் அறையில் ஒவ்வொன்றிலும் எக்ஸ்பியை நிறுவி, சர்வீஸ் பேக்கை ஏற்றி, திருத்தங்களை ஏற்றி, இயக்கிகளைத் தேடுவது பல நாள் வேலை. ஒருமுறை சரியாகத் தயாரித்த வட்டு அந்த நாட்களை மிச்சப்படுத்தியது.

இரண்டாவது, அது வெறும் கருவியாக நிற்காமல் பாடமாகவும் அமைந்தது. இயங்குதளம் என்பது பிரிக்க முடியாத ஒரே பொருள் என்று நினைத்திருந்த மாணவர்களுக்கு, அது பல கூறுகளால் ஆனது, ஒன்று மற்றொன்றைச் சார்ந்தது என்பதை அதன் பட்டியல் காட்டியது.

குறைகள்

என்லைட்டின் பெரிய குறை அதன் பெரிய கவர்ச்சியிலேயே இருக்கிறது. சேர்ப்பதையும் நீக்குவதையும் அது ஒரே வரிசையில், ஒரே மாதிரிப் பெட்டிகளாக வைத்தது. ஆனால் இரண்டும் ஒரே தன்மையுள்ள செயல்கள் அல்ல. சேர்க்கப்படும் திருத்தம் இயங்குதளத்தைத் தயாரித்தவரே சோதித்து வெளியிட்டது. நீக்குவதோ பயனரின் ஊகம். இன்ன வசதி தேவையா என்று கேட்டுக் காக்கும் ஒரு திரையும், நீக்கக் கூடாதவை பற்றிய எச்சரிக்கையும் கருவியில் உண்டு. எனினும், இன்று தேவையில்லை என்று நீக்கியது நாளை எந்த மென்பொருளுக்குத் தேவைப்படும் என்பதை எந்த எச்சரிக்கையாலும் முழுதாகச் சொல்ல முடியாது.

தமிழ்ப் பயனருக்கு இது நேரடியாகத் தட்டுப்பட்ட இடம் ஒன்று உண்டு. எக்ஸ்பியில் இந்திய மொழிகளுக்கான ஆதரவு இயல்பாக நிறுவப்படுவதில்லை. வட்டார, மொழி அமைப்புகளில் அதற்குரிய பெட்டியைக் குறியிட்டால், ஐ386 அடைவுக்குள் இருக்கும் ‘லேங்’ என்ற உள்ளடைவிலிருந்து கோப்புகள் படியெடுக்கப்படும். இதற்குத் தேவை 10 எம்பி என்று அத்திரையே சொல்லும். பக்கத்தில் இருக்கும் கிழக்காசிய மொழிகளுக்கோ 230 எம்பி. வட்டைச் சுருக்க நினைத்தவர்களின் கண் முதலில் மொழிகள் பகுதியில்தான் விழுந்தது. ‘நமக்கு ஆங்கிலம் போதும்’ என்று மொத்தமாக நீக்கிய வட்டில் தமிழும் போயிற்று.

நான் பணியாற்றிய பள்ளியின் கணினி அறைக்கு, பழுது பார்ப்பவர் ஒருவர் இப்படி மெலிந்த எக்ஸ்பியை நிறுவிக் கொடுத்தார். கணினிகள் வேகமாகத்தான் தொடங்கின. ஆனால் மாணவர்கள் திறந்த தமிழ்ப் பக்கங்கள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. எழுத்துருவைத் தனியாகப் போட்டபோது, சில செயலிகளில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. மொழி ஆதரவைச் சேர்க்க முயன்றால், கணினி கேட்கும் கோப்பு வட்டில் இல்லை. இருபது கணினிகளையும் முதலிலிருந்து நிறுவ நேர்ந்தது. 10 எம்பி மிச்சம் பிடித்ததன் விலை அது.

இரண்டாவது குறை, திரும்பும் வழி இல்லாதது. கூறுகளை நீக்கிய வட்டிலோ, அதனால் நிறுவிய கணினியிலோ பின்னர் சர்வீஸ் பேக்கை ஏற்றுவது சரிவராது. மூல வட்டிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். மூல வட்டைப் பத்திரப்படுத்தாதவருக்கு அந்த வழியும் இல்லை.

மூன்றாவது, விண்டோஸின் கோப்புப் பாதுகாப்பை முடக்கும் தெரிவையும் இதே கருவி சுலபமாகத் தந்தது. பாதுகாப்புக்காகத் திருத்தங்களைச் சேர்க்க வந்தவர், அடுத்த திரையிலேயே பாதுகாப்பு அரண் ஒன்றை அகற்றிவிட முடிந்தது. இது கருவியின் நோக்கத்துக்கே முரண்.

பிறர் தயாரித்த வட்டுகள்

என்லைட்டின் பெயரால் வளர்ந்த மற்றொரு பழக்கம், யாரோ மெலியச் செய்து இணையத்தில் வைத்த எக்ஸ்பி படிமங்களை இறக்கி நிறுவுவது. இதற்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது. உரிம மீறல் ஒருபுறம் இருக்க, அத்தகைய படிமத்தில் எது நீங்கியது, எது சேர்ந்தது என்று பயனருக்குத் தெரியாது. தானே சமைத்து உண்பதற்கும், முகம் தெரியாதவர் நீட்டும் பொட்டலத்தை வாங்கி உண்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

பின்வந்த மாற்றங்கள்

விஸ்டாவிலிருந்து நிறுவல் வட்டின் அமைப்பே மாறியது. தனித்தனிக் கோப்புகளுக்குப் பதில், முழு இயங்குதளமும் ‘விம்’ என்ற ஒரே படிமக் கோப்பாக வந்தது. விண்டோஸ் 7 உடன் வந்த ‘டிஸ்ம்’ என்ற கருவியால் அந்தப் படிமத்தைத் திறந்து, திருத்தங்களையும் இயக்கிகளையும் சேர்த்து மூட முடியும். விண்டோஸ் 7க்கு 2011க்குப் பின் வந்த திருத்தங்களில் பெரும்பாலானவற்றை ஒன்றாகத் தொகுத்து 2016இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதைச் சேர்ப்பதற்கு முன் 2015 ஏப்ரலில் வந்த அடிப்படைத் திருத்தம் ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். வரிசை தவறினால் வேலை நடக்காது. என்லைட் செய்த நல்ல பாதி இவ்வாறு அதிகாரபூர்வ முறையாகவே நிலைபெற்றது.

மற்றப் பாதியும் மறையவில்லை. விண்டோஸ் 11ஐ மெலியச் செய்யும் டைனி11 இன்று பேசப்படுகிறது. அதன் மிகச் சுருங்கிய ‘கோர்’ வடிவில் பின்னர் திருத்தங்களையோ மொழிகளையோ சேர்க்க முடியாது. அன்றாடப் பயன்பாட்டுக்கு அது ஏற்றதன்று என்று உருவாக்கியவரே அறிவித்திருக்கிறார். இந்த வெளிப்படைத்தன்மை பாராட்டத்தக்கது. ஆனால் பழைய பாடம் அப்படியே இருக்கிறது. இம்முறையும் பட்டியலில் மொழி இருக்கிறது.

முடிவுரை

என்லைட் பயனரை நம்பிய கருவி. அந்த நம்பிக்கை அதன் பெருமை. பயனர் அறியாததையும் அவர் பொறுப்பிலேயே விட்டது அதன் குறை. சொந்த வட்டு தயாரிக்க முனையும் மாணவர்கள் நான்கை மனத்தில் கொள்ளலாம்: மூலப் படிமத்தைத் தொடாமல் பாதுகாக்க வேண்டும், சேர்க்க வேண்டியதைத் தயங்காமல் சேர்க்கலாம், நீக்குவதற்கு முன் அதைச் சார்ந்திருப்பது எது என்று தேட வேண்டும், தயாரித்த வட்டை முதலில் மெய்நிகர்க் கணினி ஒன்றில் நிறுவிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது, தமிழில் ஒரு வரி தட்டெழுதிப் பார்ப்பதும் நல்லது.