அச்சுக்கு ஒரு வணக்கம்

கல்பாத்தி விசுவநாதசுவாமி தேர் அக்ரகாரத் தெருவில் அசையும்போது, முன்னே ஊர் கூடி வடம் இழுக்கும். பின்னே யானை நெற்றி கொடுத்துத் தள்ளும். எல்லார் கண்ணும் மேலே அலங்காரத்தில் இருக்கும். என் பார்வை சக்கரங்களுக்கு இடையே கிடக்கும் அச்சுக்குத்தான் போகும். அத்தனை பாரமும் அதன் மேல்தான். தெருவின் ஒவ்வொரு மேடுபள்ளமும் அதை இம்மியளவு வளைத்து விடுகிறது.

உருண்டைத் தண்டின் குறுக்களவை இரண்டு மடங்காக்கினால் வலு எட்டு மடங்காகும். ஆனால் பருமன் மட்டும் போதாது. 1842 மே மாதம் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து பலர் மாண்டார்கள். மறுவருடமே ராங்கின் என்ற பொறியாளர் வழி சொன்னார்: பருமன் குறையும் இடத்தைச் சட்டென்று வெட்டாதே, வளைவாக இறக்கு. விரிசல் கூர்மூலையில்தான் பிறக்கிறது.

மோட்டார் ஷாஃப்ட்டில் கப்ளிங் என்னும் இணைப்பை மாட்டக் கீவே என்ற காடி வெட்டும் நல்ல பட்டறைக்காரரும் மூலையைக் கூராக விடமாட்டார். கடைசல் கோடு தெரியாமல் மெருகேற்றுவார். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து தந்ததும் இதே அக்கறையால்தான்.

விரல் நுனியில் அடங்கும் அந்தச் சின்ன வளைவுதான் தேரை நிலைக்குக் கொண்டு சேர்க்கிறது. வடம் தொடுகிறவர்கள் ஒருமுறை குனிந்து அதையும் பார்க்கவேண்டும்.