தேரை விழுங்கிய மின்தடை

"சோலர்னா மொட்டமாடியில வைக்கிறதா ணா?" என்று கேட்டான் தம்பி. அது வேறு. இது அப்பாச்சி சோலர், காசில்லாமல் கிடைக்கும் தேடுபொறி மென்பொருள். 2004-இல் சிநெட் நிறுவனத்துக்காக யோனிக் சீலி எழுதத் தொடங்கியது, 2006-இல் அப்பாச்சி அறக்கட்டளையிடம் வந்து சேர்ந்தது. அடியில் ஓடுவது டக் கட்டிங் எழுதிய லூசின். சங்கராபுரம் வட்டாரத்துக் காகிதங்களை நான் ரொம்ப காலமாகச் சேர்த்து வருகிறேன். திருவிழா நோட்டீஸ், மின்தடை அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை, பழைய பட்டா நகல் என்று எல்லாம் இருக்கும். அவற்றை வீட்டிலேயே தேடிப் பார்க்க வேண்டும் என்றுதான் இதை நிறுவினேன். ஒன்பதாம் பதிப்புக்கு ஜாவா 11 போதும். 8 ஜிபி மடிக்கணினியில் மூச்சு வாங்காமல் ஓடுகிறது. நிறுவும் கதை அவ்வளவுதான்.

தொல்லை அதற்குப் பிறகு ஆரம்பித்தது. ஒரு சொல்லைத் தட்டினால் ஒரே காகிதம் மூன்று தடவை வந்து நிற்கிறது. ஸ்கேன் செய்தது ஒன்று, வாட்ஸ்அப்பில் வந்தது ஒன்று, யாரோ தட்டச்சு செய்து அனுப்பியது ஒன்று. இந்த இரட்டிப்பைச் சோலர் எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பதற்காகவே இரண்டு வாரம் இதோடு உட்கார்ந்தேன்.

சோதித்துப் பார்க்க எங்கள் ஊரைவிட நல்ல ஊர் கிடைக்காது. தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தோம். 1993 செப்டம்பர் 30 முதல் விழுப்புரம், அதிலும் முதல் சில ஆண்டுகள் ராமசாமி படையாட்சியார் பெயரோடு. 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி. ஊர் ஒரு அடி நகரவில்லை, முகவரி மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மேற்கே நிற்கும் மலையை ஒருவர் கல்வராயன்மலை என்று சேர்த்து எழுதுகிறார், ஒருவர் பிரித்து எழுதுகிறார். 1906-இல் தென்னார்க்காடு கெசட்டியர் எழுதிய பிரான்சிஸ் கல்ராயன் என்கிறார். இவையெல்லாம் பெயர் பலவாக இருந்தும் ஒன்றே. இதற்கு நேர்மாறாக, காரைக்குடியை ஒட்டி ஒரு சங்கராபுரம் உண்டு, போடிப் பக்கம் இன்னொன்று உண்டு. அவை பெயர் ஒன்றாக இருந்தும் வேறு வேறு.

சோலர் தரும் முதல் வழி, காகிதம் உள்ளே நுழையும்போதே கைரேகை எடுப்பது. சிக்னேச்சர் என்கிறார்கள். அதே கைரேகை ஏற்கெனவே இருந்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும். அழிக்க வேண்டாம் என்றால் 'ஓவர்ரைட் டூப்ஸ்' என்ற அமைப்பை நாமாகத்தான் அணைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அழித்துவிடும். கத்தியை உறையில்லாமல் கையில் கொடுப்பது மாதிரி இருக்கிறது இது.

கைரேகை எடுக்கும் முறைகளில் எம்டி5 கறார் பேர்வழி. ஒரு இடைவெளி கூடினாலும் வேறு காகிதம் என்றுவிடும். தமிழில் இந்தக் கறார் ரொம்பவே படுத்துகிறது. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாகப் போட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, எம்டி5-க்கு இரண்டு. இதையாவது யூனிகோடின் என்எஃப்சி என்ற சீராக்கம் சரிசெய்துவிடும். 'ஸ்ரீ'க்கு அதுவும் உதவாது. முதல் எழுத்து ஸ-வா ஶ-வா என்று இரண்டு வழக்கம் ஓடுகிறது, இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். வானவில் எழுத்துருவில் அடித்த பழைய அறிவிப்புகளைக் கேட்கவே வேண்டாம். எழுத்துருவைக் கழற்றினால் உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை.

கறார் வேண்டாம், கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் பிடிக்க வேண்டும் என்றால் 'டெக்ஸ்ட் ப்ரொஃபைல் சிக்னேச்சர்' இருக்கிறது. சொற்களை எண்ணி, அடிக்கடி வருபவற்றை வைத்துக் கைரேகை எடுக்கும். ஆவலோடு போட்டேன். தேர்த் திருவிழா நோட்டீஸ் காணாமல் போனது.

தலைப்பை மட்டும் கொடுத்துத் திரும்பச் சோதித்தேன். முதலில் 'சங்கராபுரம் தேர்த் திருவிழா', அடுத்து 'சங்கராபுரம் மின்தடை அறிவிப்பு'. இரண்டுக்கும் ஒரே கைரேகை. பின்னால் வந்த மின்தடை, முன்னால் போன தேரை அழித்துவிட்டது. அழிக்க அனுமதி கொடுத்தது நான்தான், அமைப்பைப் படிக்காமல் ஒட்டினேன். ஆனால் கைரேகை எப்படி ஒன்றானது?

காரணம் நிரலுக்குள் இருந்தது. எழுத்தாகவோ எண்ணாகவோ இல்லாத எதைக் கண்டாலும் அது சொல்லை அங்கேயே முறித்துவிடுகிறது. ஜாவாவின் கணக்கில் க, ச, ம எல்லாம் எழுத்து. புள்ளி, கால், கொம்பு, சுழி எதுவும் எழுத்தில்லை, ஒட்டுக்குறி. ஆகவே சங்கராபுரம் 'சங', 'கர', 'ப', 'ரம' என்று நாலு துண்டாகிறது. இரண்டு எழுத்தும் அதற்குக் குறைவும் உள்ள துண்டுகளை வேண்டாம் என்று தள்ளுவது அதன் இயல்பு நிலை. நாலு துண்டும் போச்சு, ஊரும் போச்சு. தேர், திருவிழா, மின்தடை, அறிவிப்பு எதுவும் தப்பவில்லை. பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக உடைத்துப் பார்த்தேன். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், வெள்ளிமலை, கரியாலூர், கல்வராயன் எல்லாம் காலி. சாமையும் தினையும் கடுக்காயும் காலி. வரகு 'வரக' என்று பிழைத்தது, மரவள்ளி 'மரவள' என்று பிழைத்தது. கடலூரும் 'கடல' என்று தப்பித்துக்கொண்டது. தென்னார்க்காட்டுக் காலத்திலும் தலைநகரம் அதுதானே!

குறைந்தபட்ச நீளத்தை மாற்றி இரண்டெழுத்துத் துண்டுகளையும் விட்டு வைக்கலாம். அப்படிச் செய்தால் கரி, கரு, கரை மூன்றும் 'கர' ஆகிவிடும். தமிழ்க் காகிதத்துக்கு இந்தக் கைரேகை ஆகாது.

இதற்குள் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. என்னிடம் மாமா கல்யாணத்துப் பத்திரிகை இரண்டு இருக்கின்றன, ஒன்று பெண் வீட்டார் அடித்தது, ஒன்று மாப்பிள்ளை வீட்டார் அடித்தது. தேதி, முகூர்த்தம், மண்டபம், மணமக்கள் எல்லாம் ஒன்று. அழைப்பவர் பெயரும் கீழே வரும் சுற்றத்தார் வரிசையும் மட்டும் வேறு. எந்த நல்ல கைரேகையும் இவற்றை ஒன்று என்றுதான் சொல்லும். அப்படிச் சொல்வது தப்பில்லை. ஒன்றைத் தூக்கிப் போடுவதுதான் தப்பு, ஒரு வீட்டுச் சொந்தம் மொத்தமும் போய்விடும். கூகுளும் தேடல் முடிவில் ஒரே மாதிரியானவற்றை மறைத்துத்தான் வைக்கிறது. முகவரியின் கடைசியில் 'ஃபில்டர்=0' சேர்த்தால் மறைத்தவை திரும்ப வரும்.

சோலரில் இதற்கு நிகரானது 'கொலாப்ஸ்'. காகிதங்கள் எல்லாம் உள்ளேயே இருக்கும். நாம் குறிக்கும் ஒரு புலத்தில் ஒரே மதிப்பு உள்ளவற்றைத் தேடும் நேரத்தில் மடித்து, ஒன்றை மட்டும் முன்னால் நிறுத்தும். எதை நிறுத்துவது என்பதும் நம் கையில். ஆண்டு பெரியதாக உள்ளது முன்னால் வரட்டும் என்றேன், வந்தது. 'எக்ஸ்பாண்ட்' போட்டால் மடித்து வைத்தவை தனியாகக் கிடைக்கும், சொல்லாவிட்டால் ஐந்து வரை.

மடிப்புக்கான புலத்தை நானே தயாரித்தேன். ஒரு சின்னப் பைத்தான் நிரல் எழுத்தை என்எஃப்சி-க்கு மாற்றி, இரண்டு ஸ்ரீயையும் ஒன்றாக்கி, இடைவெளியும் நிறுத்தக்குறியும் நீக்கி, மிச்சத்துக்கு எம்டி5 எடுக்கிறது. சிறு வேறுபாடு உள்ளவற்றுக்கு, கல்யாணப் பத்திரிகை உட்பட, நானே ஒரு கொத்துப் பெயர் கொடுத்துவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

இங்கேயும் ஒரு குழி உண்டு. மடிப்புப் புலம் காலியாக உள்ள காகிதத்தை, இயல்பு நிலையில், முடிவிலிருந்தே தள்ளிவிடுகிறது. அந்த நிரலை ஓட்ட மறந்த பட்டா நகல்கள் ஒன்றுகூட வராதபோதுதான் தெரிந்தது. 'நல் பாலிசி' என்ற இடத்தில் 'எக்ஸ்பாண்ட்' என்று எழுத வேண்டும்.

கல்ராயனும் கல்வராயனும் ஒன்று என்று சொல்லிக்கொடுப்பது இரட்டிப்பு வேலையில் சேராது, அதற்கு இணைச்சொல் கோப்பு தனியாக இருக்கிறது. மூன்று சங்கராபுரத்தையும் பிரிக்க மாவட்டத்துக்கு ஒரு புலம் வைத்தேன், போதுமானதாக இருக்கிறது. இவ்வளவு மெனக்கெட முடியாதவர்கள் மெய்லிசர்ச் என்ற தேடுபொறியைப் பார்க்கலாம். 'டிஸ்டிங்க்ட்' என்று ஒரே வரி, அதுவும் அழிப்பதில்லை. ஆனால் மடிந்தவற்றைப் பக்கத்திலேயே விரித்துக் காட்டும் வசதிக்காக நான் சோலரிலேயே இருக்கப் போகிறேன்.

நேற்று தம்பி மாமா பெயரைத் தட்டினான். பத்திரிகை ஒன்றுதான் வந்தது, கீழே 'இன்னும் 1'. அதைத் தொட்டுவிட்டு, "இதுல தென்னார்க்காடு மாவட்டம்னு போட்டிருக்கு ணா, அது எந்தப் பக்கம்?" என்றான்.