ஜீனோவும் நல்லூர்த் திண்ணையும்

சுஜாதா 1980களில் 'ஆனந்த விகடன்' இதழில் தொடராக எழுதிய 'என் இனிய இயந்திரா' நாவலை நல்லூரிலிருந்து இன்று மீண்டும் படிக்கும்போது, அன்று புலப்படாத கேள்வியொன்று நம்முன் எழுகின்றது. வீட்டுக்குத் துணை என்றால் என்ன?

ஆசிரியர் கற்பித்த 2021ஆம் ஆண்டை நாம் கடந்துவிட்டோம். குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டிய அந்த நாட்டில், கணவனைக் காணாது தவிக்கும் நிலாவின் வீட்டுக்கு வந்து சேர்கின்றது ஜீனோ என்னும் இயந்திர நாய். அது படிக்கின்றது, கேலி பேசுகின்றது, பின்னர் விளையாட்டுப் பொருள் என்னும் வரம்பை மீறி, ஜீவாவின் சர்வாதிகாரத்துக்கு எதிராக அவள் பக்கம் நிற்கின்றது. உடைமையாளனுக்குப் பணிவது துணையன்று. துன்பப்படுவோர் பக்கம் நிற்பதே துணை. நாவலின் உயிர் இதுதான்.

அதன் குறையும் இங்கேயே பிறக்கின்றது. சிந்திப்பது நாய்; மக்களோ வெறுங் கூட்டமாகவே நின்றுவிடுகின்றனர். ஜீனோவைச் செய்த கை யாருடையது, அதன் உயிரைத் தன் பிடியில் வைத்திருப்பவன் யார் என்பதை நாவல் ஊன்றிக் கேட்கவில்லை.

வரலாறு அதைக் கேட்டுவிட்டது. சோனி நிறுவனம் 1999இல் விற்கத் தொடங்கிய ஐபோ நாய்களின் உற்பத்தி 2006இல் நின்றது. 2014இல் பழுதுபார்ப்பும் நின்றது. செயலிழந்த நாய்களுக்கு யப்பானியக் கோவிலொன்றில் ஈமச் சடங்கு நடந்தது. 2017இல் அமெரிக்க வீடுகளுக்குள் வந்த ஜிபோ, தன் சேவை நிறுத்தப்படப் போவதை 2019இல் தானே வீட்டாருக்குச் சொல்லி விடைபெற்றது. இலாபம் வற்றியதும் துணையும் வற்றியது.

1983க்குப் பின் பிள்ளைகள் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சிதறிப்போன நல்லூர் வீடுகளில் முதியோர் தனித்திருக்கின்றனர். கந்தசுவாமி கோவிலின் 25 நாள் திருவிழாவில் நிறையும் வீடுகள், கொடி இறங்கியதும் வெறிச்சோடுகின்றன. இங்கும் ஓர் இயந்திரம் வரலாம். அது மருந்து வேளையை நினைவூட்டினால் நாம் வெறுக்க வேண்டியதில்லை. ஆனால், இத்தனிமை இயந்திரக் குறையால் வந்ததன்று. போரும் வேலையின்மையும் விளைத்தது. அதைத் தீர்க்கும் பொறுப்பைப் பொம்மையிடம் ஒப்படைத்துவிட்டுச் சமுதாயம் உறங்கலாகாது.

அயலிலிருந்து வந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, காய்ச்சல் இரவில் விழித்திருக்கும் ஏழைப் பெண்ணின் கதையை நம் எழுத்தாளர் எழுதட்டும். ஜீனோவிடம் நாம் வியந்த பண்பைக் குறைந்த கூலிக்கு நாள்தோறும் வழங்கிக்கொண்டிருப்பவள் அவளே.